‘பேசிக்’ படமும் படைமுகாம் கொலைக்கதைகளும்: யார் யாரிடம் கேள்வி கேட்கலாம்?

தம்பி, ஜோன் மக்டியர்னன் இயக்கி 2003இல் வெளிவந்த ‘பேசிக்’ படத்தை இரண்டு தடவை பார்த்தும் முடிவு விளங்கவில்லை, குறை என்னிலா படத்திலா என்று கேட்டிருக்கிறீர்கள். படைமுகாமில் நடக்கும் கொலையைத் துப்பறியும் படங்களில் வேறு எவற்றை, எந்த ஒழுங்கில் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். குறை உங்களிடம் இல்லை. அந்தப் படத்தின் முதற்பாதி தேர்ந்த கைவேலை. ஆனால் அதன் கடைசிப் பகுதி, அதுவரை நீங்கள் கவனமாகச் சேர்த்து வைத்த தடயங்கள் அனைத்தையும் செல்லாக்காசாக்கிவிடுகிறது. நீங்கள் படத்தைப் பார்த்துவிட்டபடியால் அதன் முடிவை மறைக்காமல் எழுதுகிறேன். கொலையாளியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய மற்றப் படங்களில் அவர் யார் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் கதையை ஒழுங்குபடுத்திக்கொள்வோம். பனாமாவிலுள்ள அமெரிக்க முகாமொன்றிலிருந்து சார்ஜன்ட் வெஸ்ட் என்ற கொடிய பயிற்றுநர், புயல் வீசும் வேளையில், ஆறு பயிற்சி வீரர்களைக் காட்டுக்குள் கூட்டிச் செல்கிறார். தேடிப்போன ஹெலிகொப்டருக்கு அகப்படுபவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருக்கும் வீரர்கள். அவர்களில் ஒருவர் அந்த இடத்திலேயே இறந்துவிட, டன்பர் என்பவரும் காயப்பட்ட கெண்டல் என்பவரும் மட்டும் முகாமுக்குத் திரும்புகிறார்கள். டன்பர் வாய் திறக்க மறுக்கிறார். தன்னைப் போல ரேஞ்சர் படைப்பிரிவைச் சேர்ந்த, முகாமுக்கு வெளியேயுள்ள ஒருவரிடம் மட்டுமே பேசுவேன் என்கிறார். கட்டளை அதிகாரியான கேணல் ஸ்டைல்ஸ், மேலிடத்து விசாரணையாளர்கள் வந்து சேர்வதற்குள் உண்மையை அறிய வேண்டும் என்று, முன்னாள் ரேஞ்சரும் இலஞ்சச் சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கும் போதைப்பொருள் தடுப்பு அதிகாரியுமான தன் நண்பர் ஹார்டியை அழைக்கிறார். ஜோன் ட்ரவோல்டா ஏற்ற பாத்திரம் அது. முகாமின் விசாரணை அதிகாரியான கப்டன் ஒஸ்போர்னுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை; ஆனாலும் இருவருமாக விசாரணையைத் தொடங்குகிறார்கள்.

இந்தத் தொடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கொலை, உயிரோடு திரும்பிய இரண்டு சாட்சிகள், ஓரிரவு அவகாசம், வெளியே ஓயாத மழை, உள்ளே ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும்: துப்பறியும் கதைக்கு இதைவிட எதுவும் வேண்டியதில்லை. சாமுவேல் எல். ஜாக்சன் நடித்த சார்ஜன்ட் வெஸ்ட் திரையில் தோன்றும் நேரம் குறைவுதான் என்றாலும், அவரைக் கொல்ல ஆறு பேருக்கும் காரணம் இருந்திருக்கும் என்று அவருடைய முதல் அதட்டலிலேயே நம்பிவிடுகிறோம். 1994இல் ‘பல்ப் ஃபிக்ஷன்’ படத்தில் ஜாக்சனும் ட்ரவோல்டாவும் சேர்ந்து நடித்ததை நினைத்துக்கொண்டு போனவர்கள், இங்கே இருவரும் கடைசிவரை ஒரே காட்சியில் சந்திக்காததைப் பார்த்து ஏமாந்தார்கள். உண்மையில் அந்த ஏமாற்றமே படத்தின் ஒரு தடயம். இவ்வளவு பெரிய நடிகரைத் தொடக்கத்திலேயே சாகடித்துவிட்டார்களே என்று எவராவது அப்போதே சந்தேகப்பட்டிருந்தால், அவர் படத்தை இயக்குநரைவிட நன்றாகத் துப்பறிந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

நடுப்பகுதியில் தொடங்கும் சிக்கலுக்கு முதற்காரணம் கண்ணால் காண்பதிலேயே இருக்கிறது. மக்டியர்னன் 1988இல் எடுத்த ‘டை ஹார்ட்’ படத்தைப் பார்த்தவர்கள், அந்த மாடிக் கட்டடத்தில் எந்தத் தளத்தில் யார் நிற்கிறார் என்பதைத் தாளில் வரைந்தே காட்டலாம். அவ்வளவு தெளிவாக இடத்தைக் காட்டத் தெரிந்தவர் அவர். அதே இயக்குநர் இங்கே காட்டை இருட்டாலும் மழையாலும் மூடி, ஆறு வீரர்களுக்கும் ஒரே வகைத் தலைக்கவசத்தையும் மழையங்கியையும் அணிவித்து, யார் யாரைச் சுட்டார் என்பதை மின்னல் வெளிச்சத்தில் மட்டும் காட்டுகிறார். இதில் ஒரு பகுதி வேண்டுமென்றே செய்தது. சீருடைக்குள் ஆளை அடையாளம் காண முடியாது, கழுத்தில் தொங்கும் பெயர்த்தகட்டை நம்பியே பெயர் சொல்கிறோம் என்பதுதான் படத்தின் மிக நல்ல எண்ணம். டன்பர் என்று விசாரணை மேசையில் அமர்ந்திருப்பவர் டன்பரே அல்லர், பைக் என்ற வேறொருவர் என்று பின்னர் தெரியவரும் இடம் அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான். ஆனால் ஒரு முகாமில், தங்களோடு உண்டு உறங்கிய வீரனின் முகத்தைப் பார்த்து ‘இவன் டன்பர் இல்லையே’ என்று சொல்ல ஓராள் கிடைப்பதற்கு ஏன் அவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற கேள்விக்குப் படத்தில் திருப்தியான பதில் இல்லை.

இரண்டாவது காரணம் சாட்சியங்களைக் காட்டும் முறை. கெண்டல் ஒரு கதை சொல்கிறார், டன்பர் வேறொரு கதை சொல்கிறார், பிறகு தான் சொன்னதையே மாற்றிச் சொல்கிறார். ஒவ்வொன்றும் நடந்ததாகவே திரையில் விரிகிறது. உடனே பலரும் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தை இழுத்துவருவார்கள். எனக்கு அந்த ஒப்பீடு சரியாகப் படவில்லை. 1950இல் வந்த ‘ரஷோமோன்’ படத்தில் கொள்ளைக்காரன், மனைவி, இறந்த கணவனின் ஆவி ஆகிய மூவரின் கூற்றும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆனால் மூவரும் சாவின் பொறுப்பைத் தங்கள் தலையிலேயே ஏற்றிக்கொள்ளும் வகையில் கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு பொய்யும் அதைச் சொல்பவரின் மானத்தைக் காப்பாற்றப் பிறந்தது என்பதால், பொய் என்று தெரிந்த பிறகும் அதற்குப் பெறுமதி இருக்கிறது. ‘பேசிக்’ படத்தின் முக்கியமான பொய்களோ விசாரிப்பவர்களைத் திசைதிருப்பச் சொன்னவை. திருப்பி முடிந்ததும் அவற்றால் ஒரு பயனும் இல்லை. அதே 1950இல் ஹிட்ச்கொக் எடுத்த ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ படம் பொய்யான நினைவுக்காட்சியொன்றோடு தொடங்கியதற்காகப் பலத்த கண்டனத்துக்கு உள்ளானது. பிற்காலத்தில் அவரே அதைப் பிழை என்று ஒப்புக்கொண்டார். ஒரு பொய்க்காட்சிக்கே அந்தப் பாடு என்றால், மக்டியர்னன் வரிசையாக எத்தனையைக் காட்டுகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி உங்களைக் குழப்பிய முடிவுக்கு வருவோம். முகாமில் கொக்கெயின் வியாபாரம் நடக்கிறது என்பதை அறிந்துகொண்ட வெஸ்ட், அந்த வியாபாரத்தின் சூத்திரதாரியே கேணல் ஸ்டைல்ஸ் என்று தெரியாமல் அவரிடமே முறையிடுகிறார். ஸ்டைல்ஸ் காட்டுப் பயிற்சியின்போது வெஸ்ட்டைத் தீர்த்துக்கட்ட ஏற்பாடு செய்கிறார். பயிற்சி வீரர்களுக்குள்ளேயே ‘செக்ஷன் எய்ட்’ என்ற இரகசியக் குழுவின் ஆட்கள் கலந்திருக்கிறார்கள். அவர்கள் வெஸ்ட்டின் சாவை நாடகமாக நடத்தி அவரைக் காப்பாற்றுகிறார்கள். ஹார்டி அந்தக் குழுவின் தலைவர். இலஞ்சச் சந்தேகம், ஒஸ்போர்னோடு அவர் போட்ட சண்டை, விசாரணை மேசையில் அவர் கேட்ட கேள்விகள் எல்லாமே ஸ்டைல்ஸைப் பிடிப்பதற்கான வேடம். ஒஸ்போர்ன் ஸ்டைல்ஸைச் சுட்டுக் கொன்ற பிறகு, ஹார்டியைப் பின்தொடர்ந்து போகிறார். இறந்துவிட்டதாக நம்பிய வெஸ்ட்டும், பயிற்சி வீரர்களான காஸ்ட்ரோவும் நூனெஸும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நீங்களும் சேருங்கள் என்று அவருக்கு அழைப்பு விடுக்கப்படுகிறது, படம் முடிகிறது.

இவ்வாறு நேராக எழுதிப் பார்த்தால் விளங்காமல் போவதற்கு எதுவும் இல்லை. உங்களுக்கு விளங்காமல் போனது நிகழ்ச்சிகளின் வரிசை அல்ல, அவற்றின் நியாயம் என்று நினைக்கிறேன். இந்தத் திட்டம் முழுவதும், ஸ்டைல்ஸ் உலகத்திலுள்ள அத்தனை முன்னாள் ரேஞ்சர்களிலும் ஹார்டியைத்தான் அழைப்பார் என்ற ஒன்றில் தொங்குகிறது. அவர் வேறு யாரையாவது அழைத்திருந்தால்? ஹார்டியும் டன்பராக நடிக்கும் பைக்கும் ஒரே குழுவினர் என்றால், அவர்கள் இருவரும் ஆளுக்காள் கேள்வி கேட்டு வியர்த்த காட்சிகளெல்லாம் ஒஸ்போர்ன் என்ற ஒரேயொரு பார்வையாளருக்காக நடந்த கூத்து என்று ஆகிறது. நல்ல திருப்பம் வந்ததும் முந்திய காட்சிகளுக்குப் புதிய பொருள் கிடைக்க வேண்டும். இங்கே முந்திய காட்சிகள் நடக்காதவையாகிவிடுகின்றன. திரைக்கதையை எழுதிய ஜேம்ஸ் வாண்டர்பில்ட் நான்கு ஆண்டுகளின் பின் வந்த ‘ஸோடியக்’ படத்துக்கும் எழுதினார். அதில் விடை கிடைக்காத கொலைகளை அவ்வளவு பொறுமையாகக் கையாண்டவர், இங்கே விடைகளை அளவுக்கு மீறி அள்ளிக் கொட்டியது ஏன் என்று எனக்கு இன்றும் வியப்புத்தான்.

ஆயினும் என் பெரிய மனக்குறை அந்த ஓட்டைகளைப் பற்றியது அல்ல. ஓட்டைகளுள்ள துப்பறியும் படங்களை நான் விரும்பிப் பார்ப்பவன். சட்டத்துக்கு வெளியே இயங்கி, ஆட்களைச் சுட்டு, சாட்சியங்களைப் புனைந்து, ஒரு நீதிமன்றத்துக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு படைக்குழுவை மகிழ்ச்சியான நண்பர் கூட்டமாகக் காட்டி, இசையோடு முடிக்கிறதே, அதுதான் எனக்கு ஒட்டவில்லை. வேறோர் ஊரில் இருந்து பார்ப்பவருக்கு அது வெறும் குறும்பாகத் தோன்றலாம். கோணேசர் கோயிலுக்குப் போவதற்கே இராணுவம் தங்கியிருக்கும் கோட்டை வாசலைக் கடந்து போக வேண்டிய திருகோணமலையில் இருந்துகொண்டு, அதை அவ்வளவு இலேசாகப் பார்க்க முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம்முடைய கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் ஒரு கதை சொல்லப்பட்டது. உடல்களில் இருந்தவையோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். சாட்சி சொல்லக்கூடியவர்களில் சிலர் அஞ்சி நாட்டை விட்டுப் போனார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புப் படையினர் 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியமில்லை என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். படையினர் தொடர்புபட்ட கொலையில் ‘செய்தவர் யார்’ என்பதைவிட, ‘யார் யாரிடம் கேள்வி கேட்கலாம், கேட்டால் யார் பதில் சொல்வார்’ என்பதே கடினமான புதிர் என்பதை நமக்கு எவரும் திரையில் காட்டிப் புரியவைக்கத் தேவையில்லை. இந்த வகைப் படங்களை நான் அளப்பதும் அந்தக் கோலால்தான்.

அந்த அளவுகோலில் ‘எ ஃபியூ குட் மென்’ உயர்ந்து நிற்கிறது. ரொப் ரைனர் இயக்கத்தில் 1992இல் வந்த இந்தப் படத்தை எழுதிய ஏரன் சோர்க்கின், இராணுவச் சட்டத்தரணியாக இருந்த தன் சகோதரி கியூபாவிலுள்ள அமெரிக்காவின் குவாண்டனாமோ முகாம் வழக்கொன்றைப் பற்றிச் சொன்னதிலிருந்து முதலில் மேடை நாடகமாக அதை எழுதினார். சந்தியாகோ என்ற பலவீனமான சிப்பாயை இரவில் தாக்கி அவருடைய சாவுக்குக் காரணமான இருவர் யார் என்பது முதற்காட்சியிலேயே தெரிந்துவிடும். தேடப்படுவது அப்படிச் செய்யுமாறு சொன்ன வாய். இளம் கடற்படைச் சட்டத்தரணியாக டொம் குரூஸும், முகாமின் கட்டளை அதிகாரி கேணல் ஜெசப்பாக ஜக் நிக்கல்சனும் மோதும் இறுதி விசாரணையில் உரத்த குரல்களை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடச் சுவையாக இருப்பது அதற்குச் சற்று முன்னர் வரும் தருக்கம்: உங்கள் ஆட்கள் கட்டளையை மீறவே மாட்டார்கள், சந்தியாகோவைத் தொடக்கூடாது என்றும் நீங்கள் கட்டளையிட்டீர்கள் என்றால், அவருக்கு ஆபத்து என்று உடனே இடமாற்றம் செய்ய வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? ஒழுக்கத்தைப் பற்றி அந்தக் கேணல் பெருமையாகச் சொன்ன வார்த்தையே அவரைக் கட்டிப்போடுகிறது. பார்வையாளர் கையில் முன்பே கொடுக்கப்பட்ட இரண்டு தகவல்களைச் சேர்த்தால் கிடைக்கும் விடை அது. ‘பேசிக்’ தராத நேர்மை அதில் இருக்கிறது. தீர்ப்பும் முழு வெற்றியாக இல்லாமல், கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவருக்கும் பொறுப்பு உண்டு என்பதை அந்தச் சிப்பாய்களில் ஒருவரே உணரும்படி அமைந்திருக்கிறது.

ஆனால் என்னிடம் ஒரேயொரு படத்தின் பெயரைக் கேட்டால், நோர்மன் ஜூவிசன் 1984இல் எடுத்த ‘எ சோல்ஜர்ஸ் ஸ்டோரி’ என்றுதான் சொல்வேன். சார்ல்ஸ் ஃபுல்லர் எழுதி 1982இல் புலிட்சர் பரிசு பெற்ற நாடகத்தின் திரைவடிவம் அது, திரைக்கதையும் அவருடையதே. காலம் 1944, இடம் லூசியானா. கறுப்பின வீரர்களைத் தனிப் பிரிவுகளில் வைத்திருந்த காலம். அமெரிக்கப் படைகளில் அந்தப் பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948இல்தான் வந்தது. கறுப்பினச் சார்ஜன்ட் வோட்டர்ஸ் இரவில் முகாமுக்குத் திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்படுகிறார். வெள்ளை இனவெறிக் கும்பல்தான் செய்திருக்கும் என்று எல்லோரும் முடிவுகட்டியிருக்கும் வேளையில், வொஷிங்டனிலிருந்து சட்டம் படித்த கறுப்பினக் கப்டன் டவென்போர்ட் விசாரிக்க வருகிறார். அந்த முகாமின் வெள்ளை அதிகாரிகளில் பலர் அதற்கு முன்னர் ஒரு கறுப்பின அதிகாரியைக் கண்டதே இல்லை. வணக்கம் செலுத்துவதா வேண்டாமா என்ற தயக்கம் ஒவ்வொரு முகத்திலும் தெரிகிறது. தோளில் பதவிச் சின்னம் இருந்தும் தன்னால் கேள்வி கேட்க முடியும் என்பதை அவர் ஒவ்வொரு கதவிலும் நிரூபித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

இந்தப் படத்திலும் சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து நினைவைச் சொல்கிறார்கள், நினைவுக்காட்சிகள் விரிகின்றன. வித்தியாசம் என்னவென்றால், இறந்தவரைப் பற்றிய நம்முடைய அபிப்பிராயம் ஒவ்வொரு சாட்சியத்தோடும் மாறுகிறது. முதலில் இரக்கம், பிறகு வெறுப்பு, அதற்கும் பிறகு இரண்டும் கலந்த ஒன்று. வெள்ளையர் மதிக்க வேண்டுமானால் தன் இனத்தவரில் ‘மானத்தை வாங்குபவர்களை’ தானே களைய வேண்டும் என்று நம்பிய வோட்டர்ஸாக அடொல்ஃப் சீசர் நடித்திருக்கும் விதத்தை எழுத்தில் விவரிக்க இயலாது. சிறந்த துணை நடிகருக்கான ஒஸ்கார் பரிந்துரை அவருக்குக் கிடைத்தது, படமும் சிறந்த படத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. இளம் டென்சல் வொஷிங்டனும் இதில் இருக்கிறார், அவரை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். தனக்கு மேலே உள்ளவனின் அளவுகோலைக் கடன்வாங்கித் தன் ஆட்களை அளப்பவன் என்ன ஆவான் என்பது, சாதியும் மொழியும் பதவியும் கலந்து கிடக்கும் நம் சமூகத்தில் வளர்ந்தவர்களுக்கு மிகவும் நெருக்கமான கேள்வி. படம் முடியும்போது கொலையாளி யார் என்று தெரிந்துவிடும். ஆனால் தெரிந்ததால் மனம் ஆறாது.

ட்ரவோல்டா நடித்த இன்னொரு படைமுகாம் கொலைப்படமான ‘த ஜெனரல்ஸ் டாட்டர்’ 1999இல் வந்தது. பதவி பார்க்காமல் எந்த அதிகாரியையும் விசாரிக்கும் அதிகாரம் பெற்ற இராணுவக் குற்றப் புலனாய்வாளர் என்ற பாத்திரம் அவருக்கு. நான் மேலே சொன்ன கேள்விக்கு நேரடியாகவே கைவைக்கும் கதை. ஆனால் கொலையுண்ட பெண்ணின் உடலைக் கமெரா பார்க்கும் விதம், அவளுக்கு நேர்ந்த அநீதியைப் பேசுவதாகச் சொல்லும் படத்துக்கு அழகல்ல. ஒரு தடவை பார்க்கலாம், அவ்வளவே.

நமக்குப் பக்கத்தில் தேடினால், மாதவ் ராமதாசன் இயக்கிய ‘மேல்விலாசம்’ என்ற மலையாளப் படத்தைக் கட்டாயம் பாருங்கள். 2011இல் வந்தது. ஸ்வதேஷ் தீபக் ஹிந்தியில் எழுதிய நாடகத்தின் வழிவந்த கதை. ஏறக்குறைய முழுப் படமும் இராணுவ நீதிமன்ற அறையொன்றுக்குள்ளேயே நடக்கிறது. மேலதிகாரியைச் சுட்ட சிப்பாயாக நம்முடைய பார்த்திபனும், அவருக்காக வாதாடும் அதிகாரியாக சுரேஷ் கோபியும் நடித்திருக்கிறார்கள். சுட்டவர் யார் என்பதில் சர்ச்சையில்லை. ஏன் சுட்டார் என்ற கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு, சீருடைக்குள்ளும் ஒளிந்திருக்கும் சாதி இழிவு வரை படம் போகிறது. வழக்கமாக நகைச்சுவை பேசும் பார்த்திபன் வாயடைத்து நிற்பதே பாதி நடிப்பு. தமிழ்ப் படங்களில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை. நம்முடைய தமிழ் சினிமாவில் படைவீரர் பெரும்பாலும் விடுமுறையில் ஊருக்கு வந்து வில்லன்களை அடிப்பவர். முகாமுக்குள் கமெரா நுழைவதே அரிது, நுழைந்தாலும் வணக்கம் செலுத்திவிட்டுத் திரும்பிவிடும்.

இலங்கையில் படமெடுக்கும் இளைஞர்களுக்கு இந்த வகையில் தொடக்கூடிய, ஆவணங்கள் உள்ள ஒரு சம்பவம் இருக்கிறது. ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு வீசியது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. அதற்குச் சரியாக ஒரு மாதம் ஆவதற்கு முன்னர், மே 8ஆம் திகதி இரவு, இந்து சமுத்திரத்தின் நடுவிலுள்ள கொக்கோஸ் தீவுகளில் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினரில் ஒரு பகுதியினர் கிளர்ச்சி செய்தார்கள். சக இலங்கைச் சிப்பாய் ஒருவர் கொல்லப்பட்டார். கிளர்ச்சி அந்த இரவே அடங்கியது. தலைமை தாங்கிய கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி அந்த ஆகஸ்டில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கிளர்ச்சிக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாயப் படையினர் இவர்கள் மட்டுமே. சிறிய தீவு, ஓரிரவு, அடிமைப்பட்ட நாட்டின் சீருடை, ஆளும் அரசின் இராணுவ நீதிமன்றம்: இதைப் படமாக்குவதற்குப் புயலும் வேண்டாம், கடைசி நிமிடத் திருப்பமும் வேண்டாம்.

பார்க்கும் ஒழுங்கைக் கேட்டிருந்தீர்கள். ‘எ சோல்ஜர்ஸ் ஸ்டோரி’யில் தொடங்குங்கள், பிறகு ‘மேல்விலாசம்’, அதன் பின் ‘எ ஃபியூ குட் மென்’. ‘பேசிக்’ படத்தை மூன்றாவது தடவையும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், வைத்தியசாலையில் கெண்டல் இரத்தம் கக்கி, ஒஸ்போர்னின் கையில் எட்டு என்ற இலக்கத்தை எழுதி இறக்கும் காட்சியோடு நிறுத்திவிட்டு, மிச்சக் கதையை நீங்களே எழுதிப் பாருங்கள். படத்தில் இருப்பதைவிட நியாயமான முடிவு உங்களுக்குக் கிடைக்கும்.